ஒரு கையெழுத்துத்தானே எக்கா!

எங்கள் ஊர் குலசேகரன்பட்டினம். தசராவுக்குப் பேர் போன ஊர். மற்றக் கோயில்களில் சுவாமிக்கு ஒரு சந்நிதி, அம்மனுக்கு ஒரு சந்நிதி என்று தனித்தனியாக இருக்கும். எங்கள் ஊரில் ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வீற்றிருக்கிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆச்சி என்னைத் தூக்கிக் காட்டி, "நல்லாப் பாத்துக்கோ ஏட்டி, நம்ம அம்மை ஒரு விரக்கடைகூடக் கீழ இறங்கி உட்காரலை" என்பாள்.

தசரா பத்து நாளும் எங்கள் ஊர் ஆண்கள் வேஷம் கட்டுவார்கள். காளி, குறத்தி, ராஜா, குரங்கு என்று நேர்ந்துகொண்டபடி கட்டி, வீடு வீடாகப் போய்த் தர்மம் எடுத்துக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். பெண் வேஷம் கட்டுகிறவர்கள்தான் அதிகம். மீசை வைத்த பெரிய ஆள்கூடச் சேலை கட்டி, வளையல் போட்டு, கையேந்தி நிற்பார்.

2024 தசராவுக்குச் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் தம்பி வந்திருந்தான். பிள்ளைக்கு உடம்பு சுகமானதற்குக் குறத்தி வேஷம் நேர்ந்திருந்தான். என் சேலையைத்தான் கட்டினான். கொசுவம் வைத்து, ஊக்குக் குத்தி விட்டதும் நான்தான். அரை மணி நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து, "எக்கா, இதைக் கட்டிக்கிட்டு நாள் பூரா எப்படிக்கா வேலை பாக்குதிய?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

சூரசம்ஹாரம் முடிந்து மறுநாள் காப்புக் களைந்தார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் தம்பி பையிலிருந்து நாலைந்து தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். "நாளைக்குப் பத்திர ஆபீஸுக்குப் போகணும். நீயும் அம்மாவும் வரணும். ஒரு கையெழுத்துத்தானே எக்கா" என்றான்.

விடுதலைப் பத்திரம்!

சகோதரிகளே, "இந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் சமம்" என்று எல்லோரும் சொல்கிறோம். பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள், கலெக்டராக இருக்கிறார்கள், பஞ்சாயத்துத் தலைவராக இருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நம்மைப் போல வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சமத்துவம் எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? இப்படி ஒரு தாளும் பேனாவும் முன்னால் வரும்போதுதான். அதனால் வெட்கப்படாமல் என் கதையை எழுதுகிறேன்.

என் அப்பா 2022-ல் காலமானார். உயில் ஒன்றும் எழுதவில்லை. அவர் விட்டுப் போனது இரண்டு சொத்து. ஒன்று, அவரே சம்பாதித்துக் கட்டிய ஓட்டு வீடு. இன்னொன்று, ஊருக்கு வெளியே 90 சென்ட் பனங்காடு. அது கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வருவது. அந்தக் காட்டை யாரும் மதித்ததே கிடையாது. ராக்கெட் ஏவுதளம் எங்கள் ஊருக்கு வருகிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து கதை மாறிவிட்டது. 2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதற்குப் பிறகு புரோக்கர்கள் வாசலுக்கே வந்து விலை கேட்டார்கள்.

அந்தக் காட்டில் எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்பீர்கள். பனை ஏறினது ஆண்கள்தான், மறுக்கவில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டிப் பதனீர் இறக்குவது லேசான வேலை இல்லை. ஆனால் பதனீர் கீழே வந்த பிறகு எல்லாம் பெண் பிள்ளை வேலை. பங்குனி பிறந்தால் ஆடி வரைக்கும் அம்மா விடிலியில்தான் கிடப்பாள். உடை முள்ளும் காய்ந்த பனை மட்டையும் வைத்து எரிக்க வேண்டும். பதனீர் பொங்கி வழியாமல் பார்த்து, கூப்பனி பதத்தில் விடாமல் துழாவி, சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டுத் தட்டி எடுத்தால்தான் கருப்பட்டி. பதம் ஒரு நிமிஷம் தப்பினால் அன்றைய உழைப்பு போச்சு. அம்மாவின் கண் எப்போதும் புகையில் சிவந்தே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முள் பொறுக்குவதும் சிரட்டை கழுவுவதும் என் வேலை. அந்தக் கருப்பட்டியை உடன்குடி சந்தையில் விற்ற காசில்தான் வீட்டுச் சுவர் எழும்பியது. ஆனால் வீட்டுப் பத்திரமும் காட்டுப் பட்டாவும் அப்பா பேரில். அம்மாவின் பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

படிப்பிலும் அப்படித்தான். நான் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கித்தான் தேறினேன். திருச்செந்தூரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் மகளிர் கல்லூரி அப்போதே இருந்தது. மேலே படிக்கிறேன் என்று கேட்டேன். "பொட்டப் பிள்ளை பஸ் ஏறிப் போய் என்ன கலெக்டர் ஆகப் போகுது" என்று நிறுத்திவிட்டார்கள். என்னைவிடக் குறைந்த மார்க் எடுத்த தம்பி பி.காம். முடித்தான். தம்பி மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவன் புஸ்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான். ஆனால் அன்றைக்கு ஏற்பட்ட அந்தச் சின்னக் குழி மனசில் இன்னும் தூராமல் கிடக்கிறது.

பத்திரத்தை நீட்டினபோது தம்பி சொன்ன நியாயம் இதுதான்: "உனக்கு 20 பவுன் போட்டு, பாத்திரம் பண்டம் சீர் எல்லாம் செஞ்சாச்சு. கல்யாணக் கடனை நான்தானே அடைச்சேன்? பூர்வீகச் சொத்து ஆம்பளைப் பிள்ளைக்குத்தானே எக்கா?"

கடனை அடைத்தான் என்பது சத்தியம். 2001-ல் என் கல்யாணத்துக்கு வாங்கின கடனை அவன்தான் சென்னையில் கடையில் நின்று மாசாமாசம் அனுப்பி அடைத்தான். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்த 20 பவுன் என் பங்கா? அதில் 14 பவுன் இரண்டாம் வருஷமே என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-லிருந்து சட்டப்படி குற்றம். குற்றம் என்று எழுதி வைத்ததை எப்படிப் பங்கு என்று கணக்கு வைப்பது?

நான் உடனே மறுக்கவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? "படிச்சுப் பாத்துட்டுப் போடுதேன் தம்பி" என்றேன். அவ்வளவுதான், அவன் முகம் சுண்டிவிட்டது. அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "ஏட்டி, கையெழுத்தைப் போட்டுரு. நாளைக்கு உனக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா வந்து நிக்கப் போறது அவன் ஒருத்தன்தானே? பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சு போச்சுன்னா என்ன செய்வே?" என்று அழுதாள்.

ஒரு பெண்ணைக் கையெழுத்துப் போட வைப்பது மிரட்டல் இல்லை. இந்தப் பயம்தான். பொங்கல் படி வராதோ, மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து நிற்க மாட்டானோ, "சொத்துக்குப் பறந்தவள்" என்று ஊர் சொல்லுமோ என்ற பயம்.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டன. நான் 50,000 ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு என் பாத்தியதையை விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தது. நான் ஐந்து பைசா வாங்கவில்லை. இரண்டாவது, அம்மாவும் வீட்டிலும் காட்டிலும் உள்ள தன் உரிமை முழுவதையும் விட்டுவிடுவதாக இருந்தது. அம்மா இருக்கிற வரைக்கும் அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. தம்பி அம்மாவை வெளியே அனுப்புகிறவன் இல்லை. அவனுக்கும் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்கத் தெரியாது. ஆனால் நாளைக்கு அவனுக்குக் கடையில் நஷ்டம் வந்து, வீட்டை அடமானம் வைத்தால்? எனக்கு நெஞ்சு படபடத்தது.

மறுநாள் "இப்போ போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். தம்பி சாப்பிடாமலே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

பிறகு தெரிந்த வக்கீலம்மா ஒருவரிடம் போனேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்று அது சொன்னது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறக்கும்போதே வருகிற உரிமை மகனுக்கு மட்டும்தான் என்று விட்டுவிட்டது. அதை மாற்றித் தமிழ்நாட்டில் தனியாகச் சட்டத் திருத்தம் செய்தார்கள். அது 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது. பிறகு 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுவதற்கும் மகளும் மகனும் சமம், கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் சரி என்று மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட் 11-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவிட்டது. இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று சொல்லிவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்கு என் அத்தை ஞாபகம்தான் வந்தது. அத்தைக்கு 1978-ல் கல்யாணம். 1984-ல் தாத்தாவும் அப்பாவும் சித்தப்பாவும் காட்டைப் பாகம் பிரித்துப் பதிந்தார்கள். அந்தப் பத்திரத்தில் அத்தை பேரே இல்லை. கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே அப்போது இல்லை! 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையைப் புதுச் சட்டமும் தொடாது. 1989-ல் சட்டம் வந்தபோது எனக்குப் பத்து வயசு. விடிலியில் முள் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காட்டில் பங்கு வந்துவிட்டது. எனக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வக்கீலம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். வீடு அப்பாவின் சுய சம்பாத்தியம். அம்மா, நான், தம்பி மூன்று பேருக்கும் சமம். காடு பூர்வீகம், முதலில் அப்பாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 30 சென்ட். அப்பாவின் 30 சென்ட்டை அம்மா, நான், தம்பி மூன்றாகப் பிரித்தால் பத்துப் பத்து. ஆக எனக்கு 40, தம்பிக்கு 40, அம்மாவுக்கு 10.

இது இந்துக் குடும்பங்களுக்கு உள்ள சட்டம். கிறிஸ்தவர்களுக்கு வேறு சட்டம். கேரளாவில் மேரி ராய் என்ற பள்ளிக்கூடம் நடத்திய அம்மாள், அப்பா சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு உண்டென்று சுப்ரீம் கோர்ட் வரை போய் 1986-ல் ஜெயித்தார். எங்கள் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் முஸ்லிம் குடும்பங்களில் வேறு வழக்கம். பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீடு கொடுப்பது அங்கே பெருமை. பத்து மைல் தூரத்தில் ஒரு வழக்கம், இங்கே ஒரு வழக்கம். ஆகவே பெண்ணுக்கு வீடு கொடுத்தால் குடும்பம் உடைந்துவிடும் என்பது வெறும் பேச்சுத்தான்.

கணக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "உன் பங்கு, நீ கேளு" என்றார். எனக்குச் சந்தோஷம். அப்போதுதான் சாமி அறைச் சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தின் மேல் கண் போயிற்று. எனக்குச் சுருக்கென்றது.

2009-ல் இதே வீட்டுத் திண்ணையில்தான் என் மதினி, அதாவது வீட்டுக்காரரின் அக்கா, தம்பிக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பட்டுச்சேலையும் 5,000 ரூபாயும் கொடுத்தோம். அன்றைக்குக் காபி கலந்து கொடுத்தது நான். தாம்பாளத்தில் சேலையை வைத்து நீட்டினதும் நான். "மதினிக்குத் தங்கமான மனசு" என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதும் நான்தான். அந்த மதினி இன்றைக்கு அண்ணனையும் இழந்து, உடன்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

"மதினிக்கு நாம என்ன செய்யப் போறோம்?" என்று கேட்டேன். "அவளுக்குத்தான் எல்லாம் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே" என்றார் இவர். என் தம்பி சொன்ன அதே வார்த்தை! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அப்போ என் தம்பியும் நியாயத்தைத்தான் சொல்லுதான். நானும் கையெழுத்துப் போட்டுருதேன்" என்றேன். இவர் பதில் சொல்லவில்லை. ஒரு மாசம் வீட்டில் பேச்சு குறைந்துதான் போயிற்று.

என் தம்பியும் அந்த 2025 பொங்கலுக்குப் படி அனுப்பவில்லை. மஞ்சள் குலையும் கரும்பும் வராத அந்தப் பொங்கலை நான் மறக்க மாட்டேன். பால் பொங்கினபோது குலவை போட எனக்குத் தொண்டை அடைத்தது. பேசாமல் விட்டுக்கொடுத்துவிடலாமா என்று நூறு தடவை நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு இடமில்லாத அந்தப் பத்திரம் கண் முன்னால் வந்து என்னை நிறுத்தியது.

சித்திரையில் நானே சென்னைக்குப் போனேன். தம்பி கடையில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினேன். பத்திரத்தை அவனையே படிக்கச் சொன்னேன். அம்மாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டான். "நான் இப்படி எழுதச் சொல்லலையே எக்கா" என்றான். "நீ சொல்லலை. ஆனா படிக்கவும் இல்லையே" என்றேன். அவன் பெண்டாட்டி டீ கொண்டு வந்து வைத்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள்.

2025 ஆவணியில் பதிந்தோம். வீட்டில் எங்கள் பங்கை நானும் தம்பியும் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தோம். ஆம், விடுதலைப் பத்திரம்தான். இந்தத் தடவை அம்மா பேருக்கு. காட்டில் எனக்குரிய 40 சென்ட்டில் 15 சென்ட்டைத் தம்பிக்கு விட்டேன். அவன் அடைத்த கல்யாணக் கடனுக்காக நானாக மனசாரக் கொடுத்தது அது. சும்மா எழுதி வாங்குவதற்கும் நாமாகக் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! மூன்றாம் வகுப்புப் படித்த அம்மா ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து, தன் பேர் எது என்று காட்டச் சொல்லி, அதன் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

என் வீட்டுக்காரரும் மனசு மாறினார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மனையில் 3 சென்ட் மதினி பேருக்கு எழுதியாயிற்று. மதினி, "எதுக்கு இதெல்லாம்?" என்றுதான் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கே கடப்பாரை கேட்டு வாங்கி மூலையில் ஒரு முருங்கைக் கம்பு ஊன்றிவிட்டார்கள்.

சகோதரிகளே, யாரையும் அண்ணன் தம்பியோடு சண்டைக்குப் போகச் சொல்ல நான் எழுதவில்லை. உங்கள் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். எந்தப் பத்திரத்தையும் படிக்காமல், அதுவும் கல்யாணம், திருவிழா, கருமாதி சந்தடியில், கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். பதிந்த விடுதலைப் பத்திரத்தைப் பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம். வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அம்மா இருக்கும் வீடு என்றால் அம்மாவுக்கு என்ன வழி என்று முதலில் பாருங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனில் எடுத்துத் தந்துவிடுவார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் உங்கள் நாத்தனார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறந்த வீட்டில் நியாயம் கேட்கப் போகிறவள் புகுந்த வீட்டிலும் அதைச் செய்ய வேண்டாமா?

என் மகளும் மகனும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருநாள் மகன் தானாகவே சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தான். "என்னல அதிசயம்!" என்றேன். "எல்லாம் சமபங்குதானேம்மா" என்றான். மகள் "சட்டியும் இருக்கு, அதையும் பங்கு போடு" என்றாள்.

2025 தசராவுக்கும் தம்பி வந்தான். பழைய கலகலப்பு முழுக்கத் திரும்பவில்லை. இரண்டு நாள் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்றுதான் பேசினான். மூன்றாம் நாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்று, "எக்கா, வேஷத்துக்கு ஒரு சேலை தாக்கா" என்றான். இருந்ததிலேயே நல்ல சேலையாக எடுத்து, போன தடவை மாதிரியே கொசுவம் வைத்து, ஊக்குக் குத்தி விட்டேன்.